தாத்தா பக்கத்து வீட்டுப் பெட்டியில் இருக்கிறார்

தாம்பரம் மேற்கில் ஒரு டீக்கடை. முப்பது வருஷம் பத்திரம் எழுதி ஓய்ந்த கை என்னுடையது. காலை ஏழு மணிக்கு அங்கே போய் ஒரு கிளாஸைப் பிடிக்காவிட்டால் அதற்கு இன்னும் பொழுது விடிவதில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் வளர்ந்த தம்பி ஒருவர் வந்து நின்றார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. செல்போனை என் முன்னால் நீட்டினார். அவருடைய சித்தப்பா மகன் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கிறார். அங்கே அடுத்த வீட்டுக்காரர் தன் வம்சத்தை 1600-கள் வரைக்கும் தேடிப் பிடித்துவிட்டாராம். கப்பலில் வந்தது, நிலம் வாங்கியது, கவுன்டி அதிகாரியாக வேலை பார்த்தது, உயில் எழுதியது எல்லாவற்றுக்கும் காகிதம் வைத்திருக்கிறாராம்.

"எங்க எள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்துல ஒரு கிராமத்துக்குக் கர்ணமா இருந்தவர் சார். பேர்கூட வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவங்க நானூறு வருஷம் போறாங்க, நம்மால நூறு வருஷம் போக முடியல. நம்மாளுங்க ஏன் சார் எதையுமே எழுதி வைக்கல?"

"எழுதி வச்சிருக்காங்க தம்பி. எங்கே வச்சிருக்காங்கன்றதுதான் கேள்வி. இன்னும் ரெண்டு டீ சொல்லுங்க" என்றேன். அன்றும் அடுத்த சில காலைகளிலும் அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கோத்துத் தருகிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக்காரருக்கு எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். 1634-இல் வர்ஜீனியாவை எட்டுப் பிரிவாகப் பிரித்தார்கள். பிறகு கவுன்டி என்று பெயர் வந்தது. நம் தாலுகா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர்ட், ஒரு ஷெரீப், ஒரு எழுத்தர். நிலம் கைமாறினாலும் கடன் தகராறு வந்தாலும் உயில் எழுதியவர் செத்தாலும் அந்த எழுத்தரின் புத்தகத்தில் ஏறும். இதற்கெல்லாம் முன்பே, 1618 முதல், அங்கே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கப்பல் செலவு கொடுத்து ஓர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினால் தலைக்கு 50 ஏக்கர். ஆகவே நிலம் கேட்கிறவர் தான் இறக்கிய ஆட்களின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுப்பார்.

1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் அப்படி ஒரு பட்டியல் கொடுத்தார். வணிகர், ஆளுநரின் ஆலோசனைச் சபையிலும் இருந்தவர். அந்தப் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர். அமெரிக்க மண்ணில் காகிதத்தில் ஏறிய முதல் இந்தியர்களில் ஒருவர் இந்த டோனி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே நம் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் பெற்றது 1639-இல். அதற்கும் நான்கு வருஷம் முந்தைய சங்கதி இது. எந்த ஊர், யார் பிள்ளை என்று அந்தத் தாளில் இல்லை. பிரியத்தால் எழுதிய பெயராக இருந்தால் அதெல்லாம் இருந்திருக்கும். 50 ஏக்கருக்காக எழுதிய பெயருக்கு அவ்வளவு போதும்.

தம்பியிடம் சொன்ன முதல் பாடம் இதுதான். முன்னோரின் பெயரை வீட்டுப் பாசம் எழுதி வைப்பதில்லை. நிலமும் வரியும் எழுதி வைக்கின்றன. பாசம் எத்தனை தூரம் போகும் என்பதை அமாவாசை தர்ப்பணத்திலேயே பார்க்கலாம். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயர்; அதோடு சரி. அதற்கு மேலே இருப்பவர்களைப் பொதுவாக 'பித்ருக்கள்' என்று ஒரு கூட்டமாக்கி எள்ளும் தண்ணீரும் விட்டுவிடுகிறோம். தம்பி தேடுவது நான்காவது ஆளை.

"அப்ப வீட்ல தேடி பிரயோஜனம் இல்லையா?" என்றார்.

உண்டு. அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் எதை எடுப்பது என்று தெரிந்து எடுக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் பொன். மாப்பிள்ளை யாருடைய பௌத்திரன், பெண் யாருடைய பௌத்திரி என்று இரண்டு பக்கத்துத் தாத்தா பெயரும் ஊர்ப் பெயரோடு அதில் இருக்கும். ஜாதக நோட்டும் நல்லதுதான். ஆனால் அதில் ஆண்டு அறுபது வருஷச் சக்கரத்தில் இருக்கும். 'பார்த்திப வருஷம்' என்று மட்டும் பார்த்தால் 1885-ஆ, 1945-ஆ, 2005-ஆ என்று நீங்கள்தான் முடிவுகட்ட வேண்டும். அறுபது வருஷப் பிழை என்றால் தாத்தா பிறந்த தேதியைப் பேரனுக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பேரன் என்ற சொல்லே தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால் வந்தது. ஏகாம்பரம் மகன் முருகேசன். முருகேசன் மகன் ஏகாம்பரம். அந்த ஏகாம்பரம் மகன் மறுபடி முருகேசன். ஒரு பத்திரத்தில் 'ஏகாம்பரம் குமாரர் முருகேசன்' என்று பார்த்தவுடன் துள்ளிக் குதிக்கக் கூடாது. இரண்டு தலைமுறை தள்ளி அதே தகப்பன் பெயரோடு அதே ஆள் மறுபடி வருவார். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் என்ற கயிறு இருக்கிறது. பிடித்துக்கொண்டே மேலே ஏறலாம். நமக்கு அந்தக் கயிறு இல்லை. முன்னெழுத்து ஒன்று, அது தகப்பனோடு சரி.

அப்படியானால் எந்த முருகேசன் என்று எப்படிப் பிரிப்பது? பத்திரம் எழுதியவன் என்பதால் எனக்குத் தெரிந்த வழி, முத்திரைத் தாளைத் திருப்பிப் பார்ப்பது. எந்தத் தேதியில், யாருக்கு, எவ்வளவு மதிப்புக்கு விற்றது என்று ஸ்டாம்ப் வெண்டர் எழுதியிருப்பார். முன்பக்கத்து முத்திரையில் யார் தலை இருக்கிறது என்பதும் காலம் சொல்லும். விக்டோரியா ராணி என்றால் 1901-க்குள். ஏழாம் எட்வர்ட் என்றால் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1936 வரை. சிங்க முகம் வந்துவிட்டால் சுதந்திரத்துக்குப் பிறகு. சில வருஷம் முன்பின் ஆகலாம். ஆனால் தாத்தாவையும் பேரனையும் பிரிக்க இது போதும்.

வருவாய்க் கணக்கு என்றால் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. இன்னும் பழைய காகிதத்தில் ௵ என்ற குறி வருஷம், ௴ மாதம், ௳ தேதி. இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மறுநாள் தம்பி ஒரு பையோடு வந்தார். வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது அவ்வளவுதானாம்: இரண்டு ரசீது, ஒரு ஜாதகம், ஒரு புகைப்படம். கர்ணம் எழுதிய ஒரு வரிகூட இல்லை. முகம் வாடியிருந்தது.

"ஊர் நிலம் பூரா அவர் கையெழுத்துல இருந்ததுன்னு சொல்வாங்க சார். சொந்த வீட்ல ஒண்ணும் இல்லையே."

இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வேலை பரம்பரை வேலை. 1895-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராம அலுவல் சட்டம் அதை மூத்த வாரிசின் கிளைக்கே கொடுத்தது. தம்பியின் கொள்ளுத்தாத்தா இளையவர். கணக்கும் கட்டும் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும். பிறகு காலம் மாறியது. ஆந்திராவில் இருந்து போன ஒரு வழக்கில், குடும்பத்தில் பிறந்தான் என்பதற்காக அரசு வேலையில் முதலிடம் தருவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் சொன்னது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுக் கர்ணம், மணியக்காரர் என்ற பகுதிநேரப் பதவிகளையே எடுத்துவிட்டது. ஒரே நாளில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் இன்றைய வி.ஏ.ஓ. கிராமக் கணக்கு சர்க்கார் சொத்து, ஒப்படைத்தாக வேண்டும். ஆக, கர்ணம் வீட்டில் கணக்கு இருக்காது.

கணக்கன் கணக்கை அறிவான், தன் கணக்கைத் தான் அறியான் என்று ஒரு பழமொழி உண்டு. ஊரார் நிலத்தை எல்லாம் எழுதினவர் தன் கதையை எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் எழுத்து வேறு எங்கோ இருக்கும். எங்கே என்று யோசியுங்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒருவன் அரைக் காணி விற்றால், இரண்டு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால், மகள் கல்யாணத்துக்கு நிலத்தை அடமானம் வைத்தால், எழுதிக் கொடுக்க யாரிடம் போவார்கள்? பல ஊர்களில் கர்ணத்திடம்தான். பத்திரத்தின் கடைசியில் பாருங்கள்: எழுதிக் கொடுத்தவர், சாட்சிகள், அதற்கும் கீழே 'இந்தப் பத்திரம் எழுதியது இன்ன கிராமம் கர்ணம் இன்னார் குமாரர் இன்னார்'. அவர் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் அவருடைய கையெழுத்திலேயே இருக்கும்.

"அதனால தம்பி, உங்க வீட்டுப் பெட்டியை மூடி வச்சுடுங்க. பக்கத்து வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க."

இந்த இடத்தில் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது. இன்று இந்த வட்டாரத்தில் பக்கத்து வீடு என்பது ஃபிளாட். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தன. இதில் பலவும் நேற்று வரைக்கும் ஏரியும் கழனியுமாக இருந்த ஊர்கள். கழனி மனையாகி, மனை அடுக்ககமாகியிருக்கிறது. திருநெல்வேலியில் இருந்தும் திருச்சியில் இருந்தும் வந்து வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்கியவர்கள் எல்லோர் பீரோவிலும் ஒரு கட்டு காகிதம் இருக்கிறது. மூலப்பத்திரத்தின் நகல்.

அந்தக் கட்டை வங்கி வக்கீல் புரட்டியதோடு சரி, யாரும் படித்ததில்லை. அதில் என்ன இருக்கிறது? அந்த நிலத்தை உழுத குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம், விடுதலைப் பத்திரம், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று. யார் யாருக்குப் பிறந்தார், யார் எப்போது செத்தார், எத்தனை பெண்டுகள், அவர்கள் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் மூன்று நான்கு தலைமுறை வம்ச வரலாறு மூன்றாவது மாடிக்காரர் பீரோவில் தூங்குகிறது. அந்தக் குடும்பத்தின் வாரிசுக்கு அது இருப்பதே தெரியாது.

பழைய பத்திரத்தின் தலைப்பை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும், இன்ன ஜாதி, சிவமதம், விவசாயம், இன்னார் குமாரர் இன்னார்.' மதம், தொழில், தகப்பன் எல்லாம் ஒரே மூச்சில். வேலைக்குப் போகாமல் சொத்தில் சாப்பிட்டவர் என்றால் தொழில் என்ற இடத்தில் 'சுகஜீவனம்' என்றே எழுதுவோம். தம்பி சிரித்துவிட்டார். "அந்த வேலைக்கு எங்க சார் அப்ளை பண்றது?"

சைதாப்பேட்டை தாலுகா என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். 1859-இல் இருந்து 1968 வரை செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் கச்சேரியே சைதாப்பேட்டையில்தான் இருந்தது. பிறகு காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997-இல் ஜில்லாவை இரண்டாக்கினார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாக மறுபடி வந்தது. ஊர் அசையவில்லை, முகவரிதான் அலைந்தது. ஒரே நிலத்தைத் தேட வேறு வேறு ஊர் அலுவலகங்களில் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பத்திரத்தின் அடியில் சொத்து விவரம் இருக்கும். அதில் நான்கு எல்லை: கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே இன்னார் மனை, வடக்கே ஏரிக்கால்வாய், தெற்கே இன்னார் புஞ்சை. பைமாஷ் என்ற பழைய நில அளவை எண்ணும் பிற்காலச் சர்வே எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்லைக்காரர்கள் எல்லோரும் ஒரே காலத்து ஆட்கள். ஒரு முருகேசனை இன்னொரு முருகேசனிடமிருந்து பிரிக்க இவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. அளவு காணியில் இருந்தால் மிரள வேண்டாம். இங்கே ஒரு காணி 57,600 சதுர அடி. இன்றைக்குத் தரகர் 'ஒரு கிரவுண்ட்' என்கிறாரே, 2,400 சதுர அடி, அது பழைய மனை. 24 மனை ஒரு காணி. தரகர் வாயில் இருப்பது கர்ணம் பேசிய கணக்குதான். அவருக்கே அது தெரியாது.

பிறகு எங்கே போவது? சார்பதிவாளர் அலுவலகம். நம் மாகாணத்தில் 1860-களின் நடுவில் இருந்து பத்திரப் பதிவு நடக்கிறது. கம்ப்யூட்டரில் வில்லங்கச் சான்று எடுப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் 1975-க்கு இந்தப் பக்கம்தான். அதற்கு முன்னால் என்றால் மனு போட்டு, கட்டணம் கட்டி, கையால் எழுதின புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். சொத்து வாரியாக ஓர் அட்டவணை உண்டு. ஆட்களின் பெயர் வாரியாக இன்னோர் அட்டவணை உண்டு. எல்லோரும் சர்வே எண்ணைக் கொடுத்துச் சொத்து அட்டவணையையே கேட்கிறார்கள். நீங்கள் தேடுவது மனிதரை. ஆகவே பெயர் அட்டவணையைக் கேளுங்கள். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் தனியாக இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அடுத்தவருக்கு நகல் கொடுக்க மாட்டார்கள். காலமான பிறகு யார் கேட்டாலும் சட்டப்படி கிடைக்கும்.

அடுத்தது வருவாய்த்துறை. இன்றைய பட்டா, சிட்டா எல்லாம் 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பிறந்தவை. அதைத் தாண்டிப் பின்னால் போக 'எஸ்.எல்.ஆர்., ஆர்.எஸ்.எல்.ஆர்.' என்று கேட்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து நிலவரித் திட்டப் பதிவேடும் மறு நிலவரித் திட்டப் பதிவேடும். அ-பதிவேட்டில் சர்வே எண் வாரியாகப் பட்டாதாரர் பெயர் வரும்.

கர்ணத்தைத் தேடுகிறவருக்கு இன்னொரு சுரங்கம் இருக்கிறது. இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். கர்ணத்துக்கு அந்தக் காலத்தில் சம்பளம் கிடையாது. மானிய நிலமும் விளைச்சலில் ஒரு பங்கும்தான். 1858-இல் இனாம் கமிஷன் என்று ஒன்று வந்து மானியம் அனுபவிக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தது. இது யார் கொடுத்தது, முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிக்கிற உன் வயது என்ன, முதல் ஆளுக்கு நீ என்ன உறவு, உனக்கு வாரிசு யார்? பதில் எல்லாம் கட்டம் கட்டமாகப் பதிவாகியிருக்கிறது. ஊர் ஊராகப் போய் வம்சாவளி கேட்டு எழுதினால்கூட இவ்வளவு ஒழுங்காக வராது. மானியம் போய்விடுமே என்ற பயத்தில் ஒவ்வொருவரும் தாத்தாவின் தாத்தாவை நினைவுபடுத்திச் சொன்னார்கள்.

சண்டை நடந்த குடும்பமா? இன்னும் அதிர்ஷ்டம். அண்ணன் இறந்து மகன் சிறுவனாக இருந்தால், வேலை எனக்கு என்று சித்தப்பா கிளம்புவார். வழக்கு கலெக்டரிடம் போகும். மேல்முறையீடு ரெவின்யூ போர்டுக்குப் போகும். இரண்டு தரப்பும் வம்ச விருட்சம் வரைந்து கொடுக்கும். அந்தக் காகிதங்கள் போய்ச் சேர்ந்த இடம் எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் இருந்து அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் இருக்கிறது. அங்கே ஆங்கிலப் பதிவுகளில் தேடும்போது வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி தேட வேண்டும். செங்கல்பட்டு அவர்களுக்கு 'சிங்கிள்புட்'. கணக்குப்பிள்ளை 'கானிகோப்பிளி'. ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பத்துக்கு வரலாறு குறைவு என்பதை என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கும் பின்னால் போக முடியுமா என்றார் தம்பி. முடியும், ஆனால் மனிதர் மறைந்து பதவி மட்டும் தெரிய ஆரம்பிக்கும். 1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அங்கே 1767-இல் இருந்து 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற இன்ஜினீயர் 2,000 ஊர்களுக்குப் பக்கமாக அளந்து கணக்கெடுத்தார். ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, தலையாரிக்கு எவ்வளவு என்று ஊர் ஊராக. ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைக் கணக்குதான் அதற்கு அடி. அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தைக் காப்பகத்தில் கண்டெடுத்து வெளியே பேசவைத்தவர் அறிஞர் தரம்பால். திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கைச் சென்னையில் உள்ள சமூகக் கொள்கை ஆய்வு மையம் 2001-இல் நூலாகவே போட்டது. தாம்பரத்தில் இருந்து திருப்போரூர் எவ்வளவு தூரம்? ஒரு பஸ் தூரம்.

மூன்றாவது நாள் டீயில் தம்பி கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. "சார், கர்ணத்துக்கு இத்தனை காகிதம். அவர் கழனியில வேலை செஞ்சவங்களுக்கு?"

வர்ஜீனியாவிலும் இதே கேள்வி உண்டு. அங்கே ஒரு கவுன்டி அதிகாரி உயில் எழுதினால், மாடு, கட்டில், பாத்திரம் என்ற வரிசையில் அடிமைகளின் பெயரும் எழுதுவார். முதல் பெயர் மட்டும். அதிகாரி செத்த பிறகு எடுக்கிற சொத்துப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே விலை. அதிகாரியின் வாரிசு அந்த உயிலைப் பெருமையாகக் கண்ணாடி போட்டு மாட்டுகிறார். அந்த அடிமைகளின் வாரிசுகளுக்கோ, முப்பாட்டி இருந்தாள் என்பதற்கு உலகத்திலேயே அந்த ஒரு வரிதான் சாட்சி. அதுவும் இல்லாமல் போனவர்கள் உண்டு. 1865 ஏப்ரலில் ரிச்மண்டு எரிந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே அனுப்பியிருந்த பல கவுன்டிகளின் புத்தகங்கள் சாம்பலாயின. 'எரிந்த கவுன்டிகள்' என்றே அங்கே சொல்வார்கள்.

இங்கே நிலம் இல்லாதவர்களின் பெயர் பட்டாவில் வராது. பார்னார்டு கணக்கில் சேரியில் இத்தனை வீடு என்று எண்ணிக்கையாக நிற்பார்கள். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் அவர்களுடைய நிலையை ஓர் அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது அதன் பயன். பத்து வருஷம் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. பல குடும்பங்களின் பெயர் முதல்முறையாக நிலப்பதிவேட்டில் ஏறியது அப்போதுதான். 1994-இல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையின் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பழைய பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் டீக்கடைப் பேச்சு. சிலருக்கு வாழ்வா சாவா என்ற பேச்சு.

நிலம் கிடைக்காமல் கப்பல் ஏறியவர்களுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. 1860 அக்டோபரில் சென்னையில் இருந்து 'ட்ரூரோ' என்ற ஒப்பந்தக் கூலிக் கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போனது. 1911-க்குள் அங்கே போன ஒன்றரை லட்சம் பேரில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் மச்சம் எங்கே என்பது வரை எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! 50 ஏக்கருக்காக டோனியின் பெயரை எழுதின அதே புத்திதான். ஆனால் இன்று டர்பனில் இருக்கிற ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் கிராமத்தைச் சொல்லிவிடுகிறார். அதே கிராமத்தில் தங்கிவிட்ட அவள் அண்ணனின் வாரிசுக்கு அந்த அண்ணனின் பெயரே தெரியாது.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி ஓடிவந்தார். டீ சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை. சேலையூர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். அவருடைய மூலப்பத்திரக் கட்டில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்று. கடைசி வரியில் எழுதியவர் கர்ணம் இன்னார், தகப்பன் பெயர் இன்னார். வீட்டில் ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன பெயர்களில் பெரிய அத்தை சொன்னதுதான் சரி. பேரன் பெயர் முறைப்படி பார்த்தால் தகப்பன் பெயரும் பொருந்துகிறது. நான்காவது ஆள் கிடைத்துவிட்டார். கூடவே ஐந்தாவது ஆளும்.

எழுத்து அழகு. சுழி எல்லாம் முத்து முத்தாக. தம்பி அதைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதற்கு மேலே இருந்த வரியைக் காட்டினேன். நிலத்தை விற்றவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒரு கீறலும் பக்கத்தில் 'தற்குறி' என்று கர்ணத்தின் கையெழுத்தும் இருந்தன. இன்று வசைச் சொல்லாகிவிட்ட அது, அன்று பத்திரச் சொல். தன் பெயருக்குப் பதில் தன் குறியை இடுகிறவர் என்று பொருள். அந்த ஆளின் பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர், எல்லை எல்லாம் கர்ணம் எழுதியிருக்கிறார். அவருடைய வாரிசுகள் இதே வட்டாரத்தில்தான் எங்கேயோ இருப்பார்கள். அவர்கள் தேடினால், நிலத்தோடு இந்தக் காகிதமும் கைமாறிப் போய்விட்டதால், வீட்டில் ஒன்றும் கிடைக்காது.

"உங்க எள்ளுத்தாத்தாவைத் தேடிப் போனீங்க. அவர் கையில பிடிச்சு வச்சிருக்கிறது இன்னொருத்தரோட எள்ளுத்தாத்தாவை" என்றேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பெயரை வைத்து ஊரில் விசாரிக்கலாமா என்று கேட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குத்தான் அலைகிறார்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவில் இருக்கிற மூலப்பத்திரக் கட்டை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். விலையையும் சதுர அடியையும் விட்டுவிட்டுப் பெயர்களைப் படியுங்கள்: விற்றவர், எல்லைக்காரர்கள், சாட்சிகள், எழுதியவர். அவர்களில் யாருடைய வாரிசாவது உங்கள் தெருவில் இருந்தால், அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு ரூபாய் ஆகும்.